ஊதா நாக்கு

பூங்காவனம் பெட்டியைத் திறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். சொன்னது காலையில். மத்தியானத்துக்குள் மேல்சாரம்பட்டில் தொட்டிலில் கிடக்கிற பிள்ளை தவிர எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. ஒருத்தி தன் வீட்டுப் பெட்டியைத் திறந்தால் என்ன, திறக்காவிட்டால் என்ன என்று கேட்பார்கள். எங்கள் மலையில் முப்பத்தொரு வீடு, முப்பத்தொரு பெட்டி. அத்தனையும் ஒரே நாளில் திறந்தால்தான் எங்கள் சாரத் தோப்பில் காய் பழுக்கும். ஒரு பெட்டி குறைந்தாலும் பச்சையாகவே நின்று, கோடை மழையில் புழு வைத்து உதிர்ந்துவிடும். சாரப்பருப்பு போனால் அந்த வருஷம் எங்களுக்குச் சாமைக்களியும் ஆட்டுப்பாலும்தான் கதி.

என் பெயர் உண்ணாமலை. பூங்காவனம் எனக்கு நாத்தனார், என் வீட்டுக்காரர் சடையாண்டியின் கூடப்பிறந்த தங்கை. வருஷா வருஷம் பெட்டிகளுக்குள் வாசனை மருந்துக் குப்பி மாற்றி வைக்கிற வேலை என்னுடையது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் பேச்சு. கொஞ்சமெல்லாம் இல்லை, நன்றாகவே நீளம். அதனால்தான் இந்தக் கதையை நான் சொல்கிறேன். மற்றவர்கள் சொன்னால் பாதியை முழுங்கிவிடுவார்கள்.

பெட்டி வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். சார மரம் நாங்கள் நட்டு வளர்த்தது இல்லை, மலை தானாகவே வளர்த்தது. பழம் சுண்டைக்காய் அளவு. பழுத்தால் கறுத்த ஊதா, புளிப்பும் இனிப்புமாக இருக்கும். ஊறவைத்துச் சாக்கில் தேய்த்துத் தோலைப் போக்கி, கழுவிக் காயவைத்து, திருகையில் பக்குவமாக ஓட்டினால் ஓடு உடைந்து பருப்பு முழுசாக வெளியே வரும். பட்டணத்தில் அல்வா மேல் தூவுவார்கள், பாயசத்தில் போடுவார்கள். எல்லாம் பழுத்தால்தான். பச்சையில் பறித்தால் உள்ளே பருப்பு இருக்காது, தண்ணீர்ச் சவ்வுதான் இருக்கும்.

இது தெரியாதவர் எங்கள் ஊரில் கிடையாது. தெரிந்தும் பச்சையில்தான் பறித்தோம். ஏனென்றால் நான் விட்டுவைத்தால் எதிர்வீட்டுத் தீர்த்தகிரி பறித்துவிடுவான். அவன் விட்டுவைத்தால் நான் பறித்துவிடுவேன். அவன் வைகாசி முதல் தேதியில் வந்தால் நான் சித்திரையில் வருவேன், நான் சித்திரையில் வந்தால் அவன் பங்குனியில் ஏணியோடு நிற்பான். கடைசியில் கிளையோடு வெட்டித் தூக்கிக்கொண்டு ஓடுகிற அளவுக்குப் போய்விட்டது. மரங்கள் மொட்டையாகிக்கொண்டே வந்தன. கூட்டம் போடாமல் இல்லை, கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யாமல் இல்லை. கற்பூர வாசனை கையை விட்டுப் போவதற்குள் தோப்பில் கிளை முறியும்.

அப்போதுதான் தஸ்லீமா மேடம் வந்தார். வேலூரில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் மரங்களின் மரபணுவில் கை வைக்கிற வேலை அவருக்கு. எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து கேழ்வரகு அடையைத் தின்றுகொண்டே அவர் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

"காய் பழுக்கணும்னா மரம் தனக்குத்தானே ஒரு சமிக்ஞை குடுத்துக்கும், உண்ணாமலை. அத நான் அடைச்சு வச்சிடுறேன். வெளியிலேர்ந்து ஒரு வாசனை வந்தாத்தான் மரம் பழுக்க ஆரம்பிக்கும். உங்க பழைய மரங்கள்லயே அந்த ஒட்டு கட்டிடலாம்."

"அந்த வாசனை யார்கிட்ட இருக்கும் மேடம்?"

"அதுதான் விஷயமே. ஒருத்தர் கையில குடுத்தா அவர் ராஜா ஆயிடுவார். அதனால வாசனைய முப்பத்தொரு பங்கா பிரிச்சிடுறேன். வீட்டுக்கு ஒரு பங்கு. தோப்புக்கு மேல இருக்கிற பாறையில நின்னு எல்லாரும் ஒன்னா திறந்தா, காத்துல கலந்து மரத்துக்குப் போகும்."

"ஒருத்தி மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டா ஊரே பட்டினியா?"

அவர் சிரித்தார். "அப்போ யாரும் மூஞ்சியத் தூக்காம பாத்துக்கோங்க."

பார்த்துக்கொண்டோம். உண்மையைச் சொன்னால் அந்தப் பெட்டிகள் வந்த பிறகு ஊரே மாறிவிட்டது. பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பிகூட வைகாசி நெருங்கினால் ஒருவருக்கொருவர் சாப்பாடு கொடுத்து அனுப்புவார்கள். பாறையில் கூடும்போது "இன்னும் அவங்க வரலியே, இரு" என்று வாய் தானாகச் சொல்லும். பச்சைக்காய் பறிப்பது அறவே நின்றது. தோப்பு நிமிர்ந்துவிட்டது. ஒன்பது வருஷம் நன்றாகத்தான் போனது.

மூன்று வருஷத்துக்கு முன் பூங்காவனத்தின் மகள் ரஞ்சனிக்குக் காய்ச்சல். அப்போது அவளுக்கு வயது ஐந்து. அப்பன் இல்லாத பிள்ளை, அவன் எப்போதோ பாம்பு கடித்துச் செத்துப்போனான். நான்கு நாளாய் ஒரு வாய் கஞ்சி இறங்கவில்லை. ஐந்தாம் நாள் அந்தக் குழந்தை கோயில் திடலுக்கு வந்து விளையாடியது. எல்லோரும் பார்த்தார்கள், அதன் நாக்கு ஊதாவாக இருந்தது.

பெட்டி திறக்க இன்னும் பத்து நாள் இருந்தது.

"தோப்போரத்துல இருக்கிற பெரிய மரத்துல பழுத்திருந்துச்சு, நாலு பழம் பறிச்சுக் குடுத்தேன்" என்றாள் பூங்காவனம். ஊர்க்கவுண்டர் சென்றாயன் உடனே பாறை உச்சிக்கு ஏறி தஸ்லீமா மேடத்துக்குப் போன் போட்டார். தானாகப் பழுக்க வாய்ப்பே இல்லை என்று மேடம் சொல்லிவிட்டார். அப்புறம் என்ன? கீழ்நாட்டு வியாபாரி எவனிடமோ கள்ள வாசனை வாங்கி ஊரை ஏய்க்கப் பார்த்தாள் என்று முடிவாகிவிட்டது. அவளை ஊர் தள்ளி வைத்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் குடிசை. யாரும் அவள் வீட்டு நெருப்பை வாங்கக் கூடாது, தண்ணீர் குடிக்கக் கூடாது, நல்லது கெட்டதுக்குப் போகக் கூடாது. பூப்பூத்ததிலிருந்து பெட்டி திறக்கும்வரை தோப்புக்குள் யாரும் காலே வைக்கக் கூடாது என்றும் ஒரு கட்டுப்பாடு போட்டார்கள். ஆனால் பெட்டியை மட்டும் அவளிடமிருந்து பிடுங்க முடியாது. பெட்டி அடுப்போடு போகும், அதுதான் ஆதியில் பேசிய பேச்சு.

ஆகவே வருஷத்துக்கு ஒரு நாள் அவள் வருவாள். பாறையின் கடைசியில் தனியாக நின்று பெட்டியைத் திறப்பாள். யாரும் அவளிடம் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். பழுத்ததும் அவள் பங்குப் பழத்தை ஒரு கல் மேல் கொட்டிவிட்டு நகர்ந்துகொள்வார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். குப்பி மாற்றுகிற சாக்கில் அவள் வீட்டுக்குப் போய்வரும் உரிமை எனக்கு மட்டும் இருந்தது. ஒரு குப்பி மாற்ற நான் அரைநாள் எடுத்துக்கொள்வேன்.

இந்த வருஷமும் வேலூரிலிருந்து ட்ரோன் வந்து குப்பிகளை இறக்கிவிட்டுப் போனது. எல்லா வீட்டுக்கும் கொடுத்தாயிற்று. அவள் பெட்டியைத் திறக்க மாட்டேன் என்று சொல்லியனுப்பியதும், கவுண்டர் என்னைக் கூப்பிட்டார்.

"உன் நாத்தனாதான. போய்ப் பேசு. உன் வாய் எதுக்குத்தான் இருக்கு?"

போனேன். அவள் முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"வா அண்ணி. குப்பி மாத்த வந்தியா, எம்மனச மாத்த வந்தியா?"

"ரெண்டுக்குந்தான்."

"குப்பிய வச்சுட்டுப் போ. மனசு இருக்கிற எடத்துலயே இருக்கட்டும்."

"ஏன்டி இப்படிப் பண்ற? மூணு வருஷம் பொறுத்த. இப்ப இன்னா வந்துச்சு?"

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "ரஞ்சனி, இங்க வா. அத்தைக்கு காதக் காட்டு."

குழந்தை உள்ளேயிருந்து ஓடி வந்தது. இப்போது எட்டு வயது. இடது காதில் ஒரு சின்னக் கம்மல் மின்னியது. வலது காது மூளியாக இருந்தது.

"போன மாசம் கீழேர்ந்து ஆசாரியக் கூட்டியாந்தேன்" என்றாள் பூங்காவனம். "மாமன் மடி எங்கம்மான்னு கேட்டாரு. இருக்கிற ஒரு மாமன் அன்னிக்குப் பாத்து ஆட்ட ஓட்டிக்கிட்டு மலைக்கு மேல போயிட்டான். ஊருக்கு அவ்வளவு பயம் உன் புருஷனுக்கு. திருகையக் கவுத்துப் போட்டு அதுமேல உக்கார வச்சு ஒரு காது குத்தினேன். கல்லு மேல உக்காந்துக்கிட்டு எம்புள்ள, மாமா மடி இப்படித்தான் சில்லுன்னு இருக்குமாம்மான்னு கேட்டுது. போதும் ஆசாரி, எடுத்து வைங்கன்னுட்டேன். இன்னொரு காது எங்கண்ணன் மடிக்கு. அதுவரைக்கும் ஒத்தக் கம்மலோடவே இருக்கட்டும், பாக்கிறவன் பாக்கட்டும்."

அந்த நேரத்தில் என் புருஷன் கையில் கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

"இப்ப இன்னா பண்ணணும்ங்கிற?"

"தள்ளி வச்ச வாய் வந்து எம்வாசல்ல தண்ணி கேக்கணும்."

எங்கள் வழக்கம் அது. ஊர் தள்ளி வைத்தவர்களைத் திரும்பச் சேர்க்க வேறு சடங்கு கிடையாது. தள்ளி வைக்கிறோம் என்று எந்த வாய் முதலில் சொன்னதோ, அந்த வாய் அவர்கள் வாசலில் நின்று தண்ணீர் கேட்டுக் குடிக்க வேண்டும். அது கவுண்டரின் வாய். அவரிடம் போய்ச் சொன்னேன். மனுஷன் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"திருடி வாசல்ல போய் நான் தண்ணி கேக்கணுமா? தோப்பே போனாலும் போவட்டும்."

தோப்பு போனாலும் அவருக்கு வெளியூரில் சம்பாதிக்கிற மகன்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். எங்களுக்கு யார் இருக்கிறார்கள்? இதை நான் வாய்விட்டே சொன்னேன். அங்கே கூடியிருந்தவர்களில் பாதிப் பேர் கீழே பார்த்துக்கொண்டார்கள்.

நாட்கள் போயின. மேற்கே மேகம் கட்ட ஆரம்பித்தது. பெட்டி திறக்கிற நாள் நெருங்கியது, இரண்டு பக்கமும் அசையவில்லை. ஒரு நாள் காலையில் மாட்டுக்குத் தழை ஒடிக்கப் பாறைப் பக்கம் போனேன். தோப்புக்குள்ளிருந்து ஒரே கூச்சல். கொண்டைக்குருவிகள். ஒன்றிரண்டு இல்லை, கல்யாண வீட்டுக் கூட்டம். பாறை மேல் பார்த்தால் எச்சம், அதுவும் ஊதா நிறத்தில்.

கொண்டைக்குருவி பச்சைக்காயைத் தின்னாது.

கட்டுப்பாடாவது மண்ணாவது என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே இறங்கினேன். முதல் மரத்தின் கிளையை இழுத்து இலையை விலக்கினேன். கொத்தில் வெயில் பட்ட பக்கம் கறுத்து ஊதாவாகியிருந்தது, நிழல் பக்கம் இன்னும் பச்சை. அடுத்த மரமும் அப்படியே. அதற்கடுத்ததும். பெட்டி ஒன்றுகூடத் திறக்கவில்லை. முப்பத்தொன்றும் அவரவர் வீட்டுச் சாமி மாடத்தில் மூடியபடி இருக்கின்றன. மரங்கள் யாரையும் கேட்காமல் பழுத்துக்கொண்டிருந்தன.

ஒரு பழத்தைப் பறித்து வாயில் போட்டேன். அதே புளிப்பு, அதே இனிப்பு. அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அடிப்பாவி பூங்காவனம், நீ சொன்னது நிஜமடி என்று மரத்தைப் பார்த்துச் சொன்னேன்.

பாறை உச்சியில்தான் எங்களுக்கு சிக்னல் வரும். ஏறிப் போய் தஸ்லீமா மேடத்தைக் கூப்பிட்டேன். அவர் ஓய்வு பெற்று இரண்டு வருஷமாகிறது. திரையில் நான் காட்டிய பழத்தைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"நாங்க போட்ட அடைப்ப மரம் கொஞ்சம் கொஞ்சமா தானே கழட்டிப் போட்டிருக்கு, உண்ணாமலை. வெளியிலேர்ந்து புகுத்தினத மரம் சில சமயம் அடக்கி வச்சிடும். பல வருஷம் கழிச்சு நடக்கலாம்னு தெரியும். இவ்வளவு சீக்கிரம்னு தெரியாது."

"மூணு வருஷத்துக்கு முன்னாடியே கழட்ட ஆரம்பிச்சிருக்குமா?"

"ஓரத்து மரம் முதல்ல ஆரம்பிச்சிருக்கணும்." மறுபடி கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "உங்க கவுண்டர் கேட்டப்ப வாய்ப்பே இல்லன்னு சொன்னது நான்தான். நேர்ல வந்து பாத்திருக்கணும். வராம சொல்லிட்டேன். அந்தப் பொண்ணுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"இன்னிக்கே கூட்டத்தக் கூட்டிச் சொல்லிடுறேன் மேடம்."

"இருங்க. ஒரு நிமிஷம் யோசிங்க. நீங்க சொன்னா பூங்காவனம் தப்பிச்சிடுவா, சரி. பூட்டு இல்லன்னு ஊருக்கே தெரிஞ்சிடும். அடுத்த பங்குனிக்கு யார் ஏணியோட முதல்ல நிப்பாங்க?"

தீர்த்தகிரி. கேட்ட உடனே மனதில் வந்துவிட்டது. அவனுக்கு முன்னால் நானும் நிற்பேனோ என்னவோ.

"புது ஒட்டு வச்சு மறுபடி பூட்டு போட அஞ்சாறு வருஷம் ஆகும்" என்றார். "அதுவரைக்கும் யாருக்கும் தெரியாம இருந்தா தோப்பு பொழைக்கும்."

"அதுவரைக்கும் ஒரு பொம்பள திருடியாவே இருக்கணுமா?"

"நான் அப்படிச் சொல்லல."

"சொல்லலதான். சொல்லாம சொல்றீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நல்ல மனுஷி, அவரைக் குத்தியது எனக்கே கஷ்டமாக இருந்தது. வீட்டுக்கு வருகிற வழி முழுக்க எனக்குள்ளேயே சண்டை. மொட்டை மரங்களை நான் என் கண்ணால் பார்த்தவள். அந்தக் காலத்தில் வைகாசி வந்தால் எங்கள் வீட்டில் அடுப்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டால் முப்பது வீட்டுக்குச் சோறு. அன்று நாக்கு ஊதாவாக இருந்த ஒரு குழந்தையின் மூளிக் காது மறுபக்கம்.

வாசலில் என் புருஷன் என் வாயைப் பார்த்துவிட்டு ஆடிப்போனார்.

"அய்யோ, இன்னாடி இது! வாயக் கழுவு. முதல்ல வாயக் கழுவு. யாராவது பாத்துடப் போறாங்க."

அந்த நிமிஷம் எனக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. தங்கச்சிக்கும் இதைத்தான் செய்தார், பயத்தில் கைகழுவிவிட்டார்.

"கழுவ மாட்டேன்" என்றேன். "உனக்குத் தைரியம் இருந்தா பின்னால வா."

சாயங்காலம் கோயில் திடலில் கூட்டம். பூங்காவனத்தை எப்படி வழிக்குக் கொண்டுவருவது என்றுதான் பேச்சு. நான் நேராகக் கவுண்டருக்கு முன்னால் போய் நின்று நாக்கை நீட்டினேன். நன்றாக, சாமி வந்தவள் மாதிரி, முழுசாக நீட்டினேன்.

எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

"நீயுமா?" என்றான் தீர்த்தகிரி. "நாத்தனாளும் அண்ணியும் சேர்ந்தே திருடுறீங்களா?"

"நான் யார்கிட்ட வாசனை வாங்கினேன், சொல்லுடா? ஓங்க பெட்டியெல்லாம் ஓங்க வீட்டுலதான இருக்கு? போய்ப் பாருங்க, மூடியிருக்கா திறந்திருக்கான்னு. மரம் பூட்டக் கழட்டிப் போட்டுடுச்சு. மூணு வருஷமா தோப்புக்குப் பூட்டே கிடையாது. கவுண்டர் மாமா, அவ அன்னிக்குச் சொன்னது அத்தனையும் நிஜம். தஸ்லீமா மேடமே இப்ப சொல்லிட்டாங்க."

"பொய்" என்றார் கவுண்டர். குரல் மட்டும் இறங்கியிருந்தது.

"நாலடி நடந்தா தெரிஞ்சிடப் போவுது. வாங்க."

ஊரே எழுந்து வந்தது. வெளிச்சம் இன்னும் இருந்தது. தோப்புக்குள் போய் ஆளாளுக்கு ஒரு கிளையை இழுத்துப் பார்த்தார்கள். ஊதாவும் பச்சையுமாகக் கொத்துக் கொத்தாகத் தொங்கியது. முதலில் வெட்கம் வந்தது, முகங்களில் அது தெரிந்தது. அதற்குப் பின்னாலேயே இன்னொன்றும் வந்தது. எனக்கு அது பழைய பழக்கம், பார்த்த உடனே தெரிந்துகொண்டேன். ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவர் கையைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

தீர்த்தகிரியின் கை ஒரு கொத்தின் மேல் இருந்தது. தோளில் எப்போதும் போடுகிற சாக்கு. அவன் ஒரு கொத்தை இழுத்தால் போதும், பச்சையும் பழமுமாகக் கிளையோடு ஊரே இழுத்துவிடும். நான்தானே கூட்டிக்கொண்டு வந்தேன், நானே தோப்பை அழித்துவிட்டேனே என்று நினைத்தேன்.

அவன் சுற்றிலும் ஒரு முறை பார்த்தான். வாய் தானாகத் திறந்தது.

"பூங்காவனம் இன்னும் வரலியே" என்றான்.

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே புரிந்தது. பன்னிரண்டு வருஷமாகப் பாறையில் நின்று சொல்லிச் சொல்லிப் பழகிய பேச்சு. கையிலிருந்த கிளையை விட்டுவிட்டான். அது மேலே போய் ஆடி நின்றது. மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கிளையை விட்டார்கள். மூன்று வருஷமாகப் பூட்டு இல்லாத தோப்பு இது, யாரும் தொடவில்லை என்பது எனக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது.

கவுண்டர் ஓடைப் பக்கம் நடந்தார். நாங்கள் பின்னாலேயே போனோம்.

பூங்காவனம் எங்களைத் தூரத்திலேயே பார்த்துவிட்டாள். ஆனாலும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கவுண்டர் வாசலில் நின்று கதவைத் தட்டினார்.

"யாரு?"

"நான்தான். சென்றாயன்." கவுண்டர் என்கிற வார்த்தை அவர் வாயில் வரவில்லை.

"இன்னா வேணும்?"

"தாகமா இருக்குதும்மா. கொஞ்சம் தண்ணி குடு."

கதவு உடனே திறக்கவில்லை. உள்ளே சொம்பைச் சாம்பல் போட்டுத் தேய்க்கிற சத்தம் கேட்டது. நிதானமாகத் தேய்த்தாள். மூன்று வருஷத்தையும் சேர்த்துத் தேய்த்தாள் என்று நினைக்கிறேன். கவுண்டர் அசையாமல் நின்றார். அப்புறம் கதவைத் திறந்து தண்ணீர் கொடுத்தாள். அவர் அண்ணாந்து ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.

"தப்பு எங்க மேலதான்" என்றார்.

"இன்னொரு சொம்பு வேணுமா?"

"குடு."

அப்போது என் புருஷன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். தங்கச்சி முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. கவிழ்ந்து கிடந்த திருகைக்குப் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மடியைத் தட்டினார். ரஞ்சனி ஒரு முறை அம்மாவைப் பார்த்தது. அப்புறம் ஓடிப் போய் உட்கார்ந்துகொண்டது. மனுஷன் ஊரே பார்க்க விக்கி விக்கி அழுதார். அழட்டும் என்று விட்டுவிட்டேன்.

குறித்த நாளில் எல்லோரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாறைக்கு வந்தோம். பிரயோஜனம் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் யாரும் வீட்டில் வைத்துவிட்டு வரவில்லை. ஒருத்தர் வரத் தாமதமானது, "இருங்க, அவங்க வரலியே" என்று காத்திருந்தோம். முப்பத்தொரு பெட்டியையும் திறந்த பிறகுதான் தோப்புக்குள் இறங்கினோம். மரத்தடியில் சேலை விரித்து, கிளையை மெதுவாக உலுக்கினோம். பழுத்தது விழுந்தது, பச்சை மரத்திலேயே நின்றது. பச்சைக்கு நாலு நாள் கழித்து வந்தால் போதும் என்றான் தீர்த்தகிரி. அதையும் அவன் வாயால் கேட்டுவிட்டேன். அன்று சாயங்காலமே ஆசாரி வந்து ரஞ்சனிக்கு இரண்டாவது காதையும் குத்தினார், மாமன் மடியில் வைத்து.

எல்லாம் முடிந்து பூங்காவனம் வீட்டில் இருவரும் உட்கார்ந்து பழம் ஊறவைத்துக்கொண்டிருந்தோம். அவள் பரணில் கைவிட்டு ஒரு துணி முடிச்சை எடுத்து என் மடியில் போட்டாள். அவிழ்த்துப் பார்த்தேன். நான்கு குப்பிகள். மருந்து குறையாமல், மூடி திருகாமல், நான் வருஷா வருஷம் கொண்டுவந்து கொடுத்த அதே குப்பிகள்.

"இன்னாடி இது?"

"தள்ளி வச்ச வருஷம் வந்த கோவத்துல, தோப்பு காஞ்சு போவட்டும்னு வெறும் பெட்டியத்தான் திறந்தேன் அண்ணி. ஆனா பழுத்துடுச்சு. அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் வெறும் பெட்டிதான்."

எனக்குப் பேச்சே வரவில்லை. எனக்கு, பேச்சு வரவில்லை.

"அன்னிக்கே இத ஊர் முன்னாடி கொண்டாந்து போட்டிருந்தா உன்மேல பழியே இருந்திருக்காதேடி! மூணு வருஷம் ஏன்டி வாய மூடிக்கிட்டிருந்த?"

"போட்டிருந்தா? பூட்டு போச்சுன்னு ஓடிப்போய் பச்சையிலயே மொட்டையடிச்சிருப்பாங்க. எம்புள்ளைக்கு ஒரு வாய் கஞ்சி இறங்காம கெடந்தப்ப பழம் குடுத்த மரம் அண்ணி அது. அத வெட்ட விட்டுட்டு நான் நல்லவள்னு பேர் வாங்கி இன்னா பண்றது?"

"அப்புறம் இந்த வருஷம் மட்டும் ஏன் மாட்டேன்ன?"

"அவ காதுக்காக. எப்படியும் பழுக்கறதுக்குள்ள கவுண்டரு வந்துடுவாருன்னு நெனச்சேன். நீ நடுவுல பூந்து நாக்க நீட்டுவேன்னு யாரு கண்டா?"

எனக்குக் கண்ணிலிருந்து கொட்டியது. துடைக்கக் கை எடுத்தால் கையெல்லாம் பழச்சாறு. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"அழுவாத. அன்னிக்கு ஊருக்கே காட்டினியே, எனக்கு மட்டும் காட்டல. எங்க, நாக்கக் காட்டு."

நீட்டினேன். அவளும் நீட்டினாள்.